திதி பார்த்துச் செல்லும் கடற்கரை

ஆறு நாளும் ஆலைச் சங்குக்கு எழுந்து, முறை வேலைக்கு ஓடி, உறக்கத்தைப் பகலிலும் இரவிலுமாகப் பங்கிட்டு வாழும் குடும்பங்களுக்கு ஏழாம் நாள் ஒரு கேள்வியாகவே விடிகிறது. குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது? பெரிய நகரத்துக்குப் போனால் கூட்டம். கடைவீதிக்குப் போனால் செலவு. வீட்டிலேயே இருந்தாலோ சுவரும் திரையுமே துணை. ஊரில் இருந்திருந்தால் பாட்டி வீடும், குளத்தங்கரையும், கோயில் பிராகாரமும் இருந்திருக்கும். பிழைக்க வந்த இடத்தில் அவற்றுக்கு ஈடாக எதைக் காட்டுவது என்று பெற்றோர் மனம் ஏங்குவது இயல்பே.

அவ்வாறு ஏங்குவோர்க்கு ஒரு கடற்கரையை அறிமுகம் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மும்பைக்கு வடக்கே, மேற்கு ரயில்வேப் பாதையில் வாழும் நம்மவர்க்கு அது கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதன் பெயர் போர்டி.

இடமும் வழியும்

பால்கர் மாவட்டத்துப் போய்சர் ஊரை நம்மில் பலர் அறிவர். தாராப்பூர்த் தொழிற்பேட்டையின் வாயில் அது. இரசாயனம், மருந்து, சாயம், எஃகு, நூல் எனப் பல தொழில்கள் அங்கே நெருங்கி அமைந்துள்ளன. சற்று மேற்கே கடலோரத்தில் 1969ஆம் ஆண்டு மின்சாரம் வழங்கத் தொடங்கிய தாராப்பூர் அணுமின் நிலையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் அதுவே. வடக்கே குஜராத் எல்லையைத் தாண்டினால் உம்பர்காவ், வாபி என மேலும் தொழிலூர்கள். இந்த இரு தொழிற்பகுதிகளுக்கும் இடையே, புகைபோக்கிகளை மறந்து மூச்சு விடத்தக்க இடமாகத் தஹாணுத் தாலுகா அமைந்திருக்கிறது. அதன் வடகோடியில் உள்ளது போர்டி. போய்சரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

மும்பைப் புறநகர் மின்வண்டிகள் 2013ஆம் ஆண்டு முதல் தஹாணு ரோடு நிலையம் வரை ஓடுகின்றன. அங்கிருந்து போர்டிக்குச் சாலை வழி சுமார் 17 கிலோமீட்டர். பேருந்தும் ஆட்டோவும் உண்டு. கோல்வட் நிலையம் போர்டிக்கு மிக அருகில் இருப்பினும் அங்கே சில வண்டிகளே நிற்கும். ஆகவே திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே கரைக்குச் செல்லுதல் நன்று. தஹாணுவிலிருந்து செல்லும் சாலை நெடுகிலும் ஒரு புறம் தோப்பு, மறு புறம் கடற்காற்று. பாதி வழியிலேயே குழந்தைகளின் முகம் மலர்ந்துவிடும்.

போர்டியின் கரை நீண்டது, தட்டையானது. கரையை ஒட்டிச் சவுக்கு மரங்கள் நிழல் தருகின்றன. சவுக்கின் ஓசையைக் கேட்டதும் நம் பக்கத்துக் கடற்கரைகள் நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டு வேறுபாடுகளை உடனே உணரலாம். ஒன்று, சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுவான். இங்கே கடலில் இறங்குவான். மற்றொன்றுதான் பெரியது. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

கடல் எங்கே போயிற்று?

முதல் முறை போர்டிக்குச் செல்லும் தமிழ்க் குடும்பம் சில வேளைகளில் திகைத்து நின்றுவிடும். சவுக்குத் தோப்பைக் கடந்து பார்த்தால் கடலைக் காணோம்! கண்ணுக்கெட்டிய வரை ஈர மணல், ஆங்காங்கே சேறு, எங்கோ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வெள்ளிக் கோடாகத் தண்ணீர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் நினைவு நெஞ்சில் தங்கியிருப்போர்க்கு, கடல் உள்வாங்கியது என்ற சொல்லே அச்சம் தருவது. ஆழிப்பேரலை வருமுன் நம் கரையில் சில இடங்களில் கடல் பின்வாங்கியதை நாம் மறக்கவில்லை.

ஆனால் போர்டியில் கடல் பின்வாங்குவது அன்றாட நிகழ்ச்சி. ஆழிப்பேரலையில் சில நிமிடங்களில் நிகழும் பின்வாங்கல், இங்கே ஆறு மணி நேரம் மெல்ல நடக்கிறது. பிறகு ஆறு மணி நேரம் மெல்லத் திரும்புகிறது. இதுவே ஓதம். மராத்தியில் நீர் ஏறுவதைப் பர்தி என்றும், இறங்குவதை ஓஹோட்டி என்றும் சொல்வர். இந்த இரு சொற்களையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். கரையில் நிற்கும் மீனவரிடம், “பர்தி கதீ?” என்று கேட்டால், நீர் எப்போது ஏறும் என்பதைப் பிசகாமல் சொல்லிவிடுவார்.

ஓதம் நம் கரையிலும் உண்டே, அங்கே ஏன் இவ்வளவு தெரிவதில்லை என்று கேட்கலாம். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓத நாட்களிலும் நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். கரையும் சரிவாக இருப்பதால் சில அடிகள் முன்பின் நகர்வதோடு சரி. மும்பைப் பக்கத்திலோ அந்த வேறுபாடு 4 முதல் 5 மீட்டர் வரை போகும். இன்னும் வடக்கே, காம்பே வளைகுடாவின் உள்ளே பவநகரில் அது 10 மீட்டரையும் எட்டும். இங்கே கடலடித் தரை கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமின்றிப் பரந்து கிடக்கிறது; வளைகுடாவோ புனல்போல் குறுகிச் செல்கிறது. பரந்த நீர் குறுகிய இடத்தில் புகும்போது உயர்கிறது. போர்டி அவ்வளைகுடாவின் வாயை நோக்கிய கரையில் இருக்கிறது. தட்டையான தரையில் சில மீட்டர் உயரம் இறங்கினால், நீர் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகிப் போகாமல் என்ன செய்யும்?

இதே காரணத்தால்தான் நீர் கலங்கலாகவும் இருக்கிறது. நாளுக்கு நான்கு முறை இந்தப் பெருநீர் புரள்வதால் வண்டல் அடங்குவதே இல்லை. கலங்கலைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. அந்த வண்டலை நம்பியே பொம்பில் முதலிய மீன்களும், சேற்றில் இரை தேடும் நாரைகளும் உள்ளான்களும் வாழ்கின்றன. இக்கரையோர மீனவக் குப்பங்களில் மூங்கில் பந்தல்களில் பொம்பில் மீன் தோரணம்போல் காய்வதைக் காணலாம்.

நாட்காட்டியே வழிகாட்டி

போர்டிக்குச் செல்வோர் அறியவேண்டியது, எந்த நேரத்தில் நீர் அருகில் இருக்கும், எந்த நேரத்தில் அகன்றிருக்கும் என்பதே. அதற்கு ஓத அட்டவணை உண்டு, கைபேசியிலும் பார்க்கலாம். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும் என்றால் வியப்பாக இருக்கும்.

கடலின் ஏற்ற இறக்கம் சந்திரனைத் தொடர்ந்து நடப்பது. திதியும் சந்திரனைக் கொண்டு கணிப்பது. கொங்கணக் கரையில் வழிவழியாக வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ எண்ணிவரும் திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால், உச்ச ஏற்றம் ஏறத்தாழ எத்தனை மணிக்கு என்பது கிடைக்கும். சஷ்டி ஆறாம் திதி. முக்காலால் பெருக்க நாலரை. ஆகவே அன்று அதிகாலையிலும் மாலையிலும் சுமார் நாலரை மணிக்கு நீர் நிறைந்திருக்கும். ஏகாதசியன்று எட்டேகால். அமாவாசையும் பௌர்ணமியும் பன்னிரண்டு மணி. உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஆறு மணி நேரம் தள்ளினால் நீர் மிகத் தாழ்ந்த வேளை. இடத்துக்கிடம் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். ஆதலால் இக்கணக்கை நாள் தேர்வதற்கு மட்டும் கொண்டு, நேரத்தைப் புறப்படுமுன் அட்டவணையில் உறுதி செய்துகொள்க.

ஞாயிற்றுக்கிழமையை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் எந்த ஞாயிறு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு எனில், நண்பகலில் சவுக்கின் அருகே வந்து நின்ற நீர், பிற்பகலில் மெல்ல விலகும். நான்கு மணிக்குள் குழந்தைகள் ஓடியாட ஈர மணல்வெளி கிடைத்துவிடும். கடல் பின்வாங்கிய இடத்தில் நண்டுகள் மணலை உருண்டைகளாக உருட்டிக் கோலம் போடுவதையும், சிப்பிகளையும், சிறு குட்டைகளில் அகப்பட்ட மீன்குஞ்சுகளையும் காட்டலாம். மேற்கே கதிரவன் இறங்க, கிழக்கே தோப்புக்கு மேல் நிலவு எழும். பாடப் புத்தகத்தில் படித்த சந்திரனின் ஈர்ப்பை, கண்ணெதிரே காலடியில் காட்டும் பள்ளிக்கூடம் அது.

அலை அருகிலேயே வேண்டும், ஆனால் அடக்கமாக வேண்டும் என்போர் அஷ்டமியை ஒட்டிய ஞாயிற்றைத் தேர்க. அன்று மாலை ஆறு மணி அளவில் நீர் நிறையும். ஆனால் அந்நாட்களில் ஏற்ற இறக்கமே குறைவு. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கலாகாது என்பர் நம் பெரியோர். கடல் மட்டும் அந்நாட்களை ஒட்டித்தான் மிகச் சாதுவாக இருக்கிறது!

கரையில் காக்கவேண்டியவை

சாதுவான கடலும் கடல்தான். இங்கே பெரும் அலை எழுந்து அடிப்பதில்லை என்பதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். ஓதம் ஓசையின்றி வேலை செய்வது. இரண்டு விதிகளை மட்டும் குடும்பத்தார் அனைவரும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். இறங்குமுகத்தில் நீருக்குள் ஆழ இறங்கலாகாது; போகிற நீர் ஆளையும் கடலை நோக்கி இழுக்கும். ஏறுமுகத்தில் தொலைவான மணல் திட்டில் நிற்கலாகாது. வருகிற நீர் நேரே முன்னால் வராமல், தாழ்வான கால்கள் வழியாகப் பின்புறம் சூழ்ந்துகொள்ளும். திரும்பிப் பார்க்கும்போது திட்டு தீவாகியிருக்கும்.

இவற்றோடு சில சிறு எச்சரிக்கைகள். குழந்தைகள் முழங்கால் அளவுக்கு மேல் நீரில் இறங்கவேண்டாம். இறங்கும்போதும் பெரியவர் ஒருவர் கடல் புறத்தில் நிற்கவேண்டும். சேறும் பாறையும் உள்ள இடங்களில் சிப்பிகள் காலைக் கிழிக்கும், செருப்பு நல்லது. கார் வைத்திருப்போர் மணலில் இறக்கி நிறுத்தும் ஆசையை விட்டொழிக்கவேண்டும். காலையில் கல்போல் இறுகியிருந்த மணல், நீர் ஏறியதும் சக்கரத்தை விழுங்கிவிடும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது கடலைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்க. இக்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை மீனவர்க்கே கடலில் மீன்பிடிக்கத் தடை. நம் கிழக்குக் கரையில் அத்தடை ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. இரு கரைகளின் பருவம் வேறு என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே மிக இனிய காலம்.

உணவுக்குக் கவலை இல்லை. ஊருக்குள் எளிய உணவு விடுதிகள் உண்டு. பார்சி, இரானியர் கைமணமும் கிடைக்கும். ஆயினும் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு சவுக்கு நிழலில் அமர்ந்து உண்பதன் சுவையே வேறு. கட்டி எடுத்துச் சென்ற பையிலேயே குப்பையையும் கட்டித் திரும்பக் கொண்டுவரவேண்டும். கோடையில் சென்றால் இந்தக் கடலோர ஊர்களில் தாட்கோளா என்று கூவி விற்பார்கள். என்ன பண்டமோ என்று தயங்கவேண்டாம். நம் நுங்குதான்!

குடியேறியோர் இட்ட தோப்பு

போர்டியையும் கோல்வட்டையும் சூழ்ந்திருப்பவை சிக்கூத் தோப்புகள். நாம் சப்போட்டா என்கிறோம். 2016ஆம் ஆண்டு தஹாணு கோல்வட் சிக்கூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மரமோ இம்மண்ணுக்கு உரியதன்று. நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை இங்கே பயிரிட்டு வளர்த்தவர்களில் முதன்மையானோர் இரானியர். பாரசீகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிழைக்க வந்த ஜொராஸ்டிரிய சமயத்தார். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதே சமயத்தாராகிய பார்சிகள் வந்து இறங்கிய இடம், இங்கிருந்து சிறிது வடக்கே உள்ள சஞ்ஜான். பிற்காலத்தில் அவர்கள் தம் புனித நெருப்பைப் பகைவர்க்கு அஞ்சி மறைத்து வைத்துக் காத்ததாகச் சொல்லப்படும் பஹ்ரோட் குகைகள், போர்டிக்கு அருகேயுள்ள மலையில் இருக்கின்றன. அந்நெருப்பு 1742 முதல் குஜராத்தின் உத்வாடாவில் எரிந்து வருகிறது.

பாலில் கரைந்த சர்க்கரைபோல் இந்நாட்டோடு கலந்து வாழ்வோம் என்று அவர்கள் அரசனுக்கு உறுதி கூறியதாக ஒரு வழிவழிக் கதை உண்டு. பிற மாநிலத்தில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை அது. இம்மண்ணின் பழங்குடிகளாகிய வார்லி மக்களையும் மறக்கலாகாது. செம்மண் பூசிய குடிசைச் சுவரில் அரிசி மாவுக் குழம்பால் அவர்கள் வரையும் ஓவியத்தைக் கண்டால், நம் வீட்டு மாக்கோலத்தின் உறவினரைக் கண்டதுபோல் இருக்கும். அக்கலையை உலகறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷே இந்தத் தஹாணுப் பகுதியைச் சேர்ந்தவர். 2011ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

இந்த அமைதி தானாக வந்ததா?

போய்சரிலிருந்து போர்டி 40 கிலோமீட்டர்தான். அங்கே புகைபோக்கிகளும் இங்கே தோப்புகளும் ஏன்? மாசுற்ற தொழிற்பகுதிகளைப் பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ஆம் ஆண்டுக்குக் கணித்த வரிசையில் தாராப்பூர் முன்னணியில் நின்றது. அதே கடல், அதே ரயில்பாதை, அதே மாவட்டம். ஆனால் தாலுகா வேறு.

1991ஆம் ஆண்டு சூன் மாதம் மத்திய அரசு தஹாணுத் தாலுகாவைச் சூழலியல் நோக்கில் மென்மையான பகுதி என அறிவித்தது. தாலுகா முழுவதிலும் தொழிற்சாலைகளுக்கான நிலம் 500 ஏக்கருக்கு மிகலாகாது என வரம்பிட்டது. அறிவிப்பு ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வழக்காடினர். 1996இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீதிபதி சந்திரசேகர் தர்மாதிகாரி தலைமையில் ஒரு காப்புக் குழு அமைந்தது. தஹாணுவில் 1995 முதல் இயங்கும் 500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்தப்பட்டதும் அக்குழுவின் வற்புறுத்தலால்தான். போர்டியில் நம் குழந்தைகள் மூச்சிழுக்கும் காற்றுக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

இப்போது புதிய கட்டம் ஒன்று வந்துள்ளது. போர்டிக்குத் தெற்கே, தஹாணுவுக்கும் தாராப்பூருக்கும் இடையிலுள்ள வாத்வண் என்னுமிடத்தில் கடலுக்குள் நிலம் எழுப்பிப் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1998இல் இதே இடத்தில் துறைமுகம் வேண்டாம் என்று காப்புக் குழு மறுத்தது; 2023இல் நிபந்தனைகளோடு இசைவளித்தது. 76,220 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 சூன் மாதத்தில் ஒப்புதல் தந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பெருங்கப்பல்கள் வரத்தக்க இயற்கை ஆழம் இங்கே உண்டு, பலர்க்கு வேலை கிடைக்கும் என்பது திட்டத்தாரின் கூற்று. மீன் கிடைக்கும் இடமும் குப்பத்து வாழ்வும் அழியும் என்பது எதிர்த்துப் போராடும் மீனவரின் கூற்று.

தொழில் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. தொழில் தந்த சோற்றைத்தான் நாம் உண்கிறோம். ஆனால் தொழிலுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? இரவுப் பணி முடிந்து, இருமும் குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்த தாய் தந்தையர் நம் குடியிருப்புகளில் எத்தனை பேர்! ஆலையும் வேண்டும், ஆலையின் புகை எட்டாத ஒரு கரையும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை அன்று.

அக்கரையைக் கேட்பதற்கு முதலில் அதை அறிந்திருக்கவேண்டும். பலர் பத்தாண்டு, இருபதாண்டு இப்பகுதியில் வாழ்ந்தும் இதை யாருடைய கடலோ என்று எண்ணி இருந்துவிடுகின்றனர். விடுமுறை வந்தால் சொந்த ஊருக்குச் சென்று அங்குள்ள கடலைக் காட்டுகின்றனர். அது வேண்டியதே. ஆயினும் நம் பிள்ளைகள் வளர்வது இங்கே. அவர்களுடைய கடல் இது. இதன் பர்தியும் ஓஹோட்டியும், தோப்பின் நிழலும், பொம்பில் காயும் பந்தலும் அவர்களுடைய இளமை நினைவாகட்டும்.

அன்பர்களே! இன்றே நாட்காட்டியைப் புரட்டுங்கள். வரும் பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு எது என்று பாருங்கள். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு குடும்பங்கள் கூடினால் ஒரு வண்டி, ஒரு பானைப் புளியோதரை, ஒரு பாய். வேறு செலவு இல்லை. கடல் கட்டணம் கேட்பதில்லை; வருகிற நேரத்தை மட்டும் அறிந்துகொண்டு வரச் சொல்கிறது.